ஃபார்மட் போடுவதற்கு முன்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போய், "ரொம்ப ஸ்லோவா இருக்கு, நடுவுல நடுவுல அப்படியே நின்னுடுது" என்று சொல்லிப் பாருங்கள். "ஃபார்மட் போட்டு ஓ.எஸ். புதுசா ஏத்திடலாம் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பல நேரங்களில் அந்த வைத்தியம் பலித்தும் விடுகிறது. வைரஸ், வேண்டாத செயலிகள், பாதியில் நின்றுபோன அப்டேட் எல்லாம் ஃபார்மட்டில் ஒழிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கும்போதும் வாடிக்கையாளர் சொல்லும் புகார் இதே இரண்டு வரிதான். அந்த நேரத்தில் ஃபார்மட் போட்டால் உள்ளே இருந்ததும் போகும், நோய்க்கான தடயமும் போகும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே டிஸ்க் மீது சந்தேகம் விழுந்ததும் முதலில் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: இதில் இருப்பது வேறு எங்காவது இன்னொரு பிரதியாக இருக்கிறதா? இல்லை என்றால் முதல் வேலை காப்பி எடுப்பது. என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாகத் தோன்றும் இந்த வரிசை நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. அது ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு ஊர்களையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் 160. சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரிபாகம் வாங்கிவர ஒரு பகல் போதும். புதுச்சேரி இன்னும் பக்கம். அதனால் பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்காமல், மதர்போர்டு ஒரு கம்பெனி, ராம் ஒரு கம்பெனி, கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) என்று சேர்த்துக் கட்டிய 'அசெம்பிள்டு' மெஷின்கள் இங்கே வீட்டிலும் கடையிலும் நிறைய ஓடுகின்றன. கல்யாண ஸ்டுடியோ, பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை, சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள பத்திர எழுத்தர்களின் மேசை, வீட்டுப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் இவற்றில்தான். இவற்றில் பல வயதானவை. அடோபி நிறுவனம் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0-ஐ வெளியிட்டது 2001-இல். அதற்குப் பின் அதைத் தொடரவில்லை. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த ஆயிரக்கணக்கான கோப்புகள் அதில்தான் சிதையாமல் திறக்கும். எனவே பழைய விண்டோஸ், பழைய மதர்போர்டு, பழைய ஹார்டு டிஸ்க் மூன்றையும் மாற்றாமல் ஓட்டுகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். தொழில் அப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் அந்த டிஸ்க் போனால் போவது சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் அல்ல என்பது அதை வைத்திருப்பவருக்கே அது நின்ற பிறகுதான் உறைக்கிறது.

டிஸ்க் எப்படிச் சாகிறது என்று தெரிந்தால் காப்பிக்கு ஏன் அவசரம் என்பது விளங்கும். உள்ளே காந்தப்பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. அவற்றின்மேல் படிக்கும் தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல்லாயிரம் மடங்கு. தட்டின் பரப்பு 'செக்டர்' என்னும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய டிஸ்குகளில் ஒரு கட்டத்துக்கு 512 பைட், இப்போதைய டிஸ்குகளில் 4,096. ஒரு கட்டத்தைப் படிக்க முடியாமல் போனால் டிஸ்க் உடனே "முடியவில்லை" என்று சொல்லாது. திரும்பத் திரும்ப முயலும். வீட்டுக் கம்ப்யூட்டருக்காகச் செய்யப்பட்ட டிஸ்க், ஒரே கட்டத்தோடு பல விநாடிகள் மல்லுக்கட்டும். அத்தனை நேரமும் விண்டோஸ் காத்திருக்கும், மவுஸ் உறையும், "ரெஸ்பான்ஸ் இல்லை" என்று திரை வெளுக்கும். நாம் 'ஸ்லோ' என்று சொல்வதில் ஒரு பகுதி இதுதான். இதை வேறு தாமதங்களிலிருந்து பிரித்தறிய முடியும். மெஷின் எப்போதும் ஒரே சீராக மெதுவாக இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் உறைகிறது, காப்பி எடுக்கையில் வேகம் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து பிறகு எழுகிறது, விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் குவிகின்றன என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். 7 என்பது படிக்க முடியாத கட்டம் ஒன்று எதிர்ப்பட்டதைச் சொல்கிறது. 153, கேட்டதை மறுபடி கேட்க வேண்டியிருந்தது என்கிறது.

டிஸ்க்கே தன்னைப் பற்றி ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொள்கிறது. 'ஸ்மார்ட்' என்று அதற்குப் பெயர். 1990-களின் நடுவில் பொதுத் தரமாக உருவானது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டால் அதைப் படிக்கலாம். உபுண்டு லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற கருவி கூடவே வருகிறது. வரிசையாக இருபது முப்பது எண்கள் வரும். எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட கட்டங்களின் கணக்கு. 197, இப்போது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கட்டங்கள். 198, முழுச்சோதனையிலும் படிக்க முடியாதவை. இந்த மூன்றில் எது பூஜ்யத்தைத் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறினால் காத்திருக்கவே கூடாது. இரண்டு இடங்களில் மட்டும் எண்கள் நம்மை ஏமாற்றும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல எண்களை வழக்கமாகப் பதினாறின் அடிமான முறையில் காட்டுகிறது. அதில் 10 என்று இருந்தால் நம் கணக்கில் 16. அதேபோல் சீகேட் டிஸ்குகளில் 1-ஆம் எண்ணான படிப்புப்பிழை விகிதம் கோடிக்கணக்கில் தெரியும். அந்த நிறுவனம் இரண்டு கணக்குகளை ஒரே எண்ணுக்குள் அடைத்து எழுதுவதால் வரும் தோற்றம் அது, நோய் அல்ல.

ஃபார்மட்டின் விபரீதம் புரிவது 197-ஆம் எண்ணில்தான். படிக்க முடியாத கட்டத்தை டிஸ்க் உடனே ஒதுக்கிவிடுவதில்லை, ஏனென்றால் அதில் உங்கள் தரவு இன்னும் இருக்கிறது. என்றாவது ஒருமுறை படிக்க முடியலாம். அந்தக் கட்டத்தின்மேல் புதிதாக ஏதாவது எழுதச் சொன்னால்தான் டிஸ்க் முடிவெடுக்கும்: எழுதியது நிலைத்தால் கட்டம் பிழைத்தது, இல்லாவிட்டால் மாற்று இடத்துக்குப் போகும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதும் வேலை. ஆகவே முழு ஃபார்மட் முடிந்ததும் 197 பூஜ்யமாகிவிடலாம், கணக்கு 5-ஆம் எண்ணுக்கு மாறியிருக்கலாம், அல்லது இரண்டுமே சுத்தமாகத் தெரியலாம். கடைக்காரர் அதைப் பார்த்து "இப்ப நல்லாயிருக்கு சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இனி யாராலும் மீட்க முடியாதபடி தரவின்மேல் பூஜ்யம் எழுதப்பட்டுவிட்டது, எந்தத் தலை அல்லது எந்தத் தட்டு தேய்ந்ததோ அது தேய்ந்தபடியே சுழல்கிறது. மூன்று மாதம் கழித்து அதே புகாரோடு கேபினெட் மறுபடி வரும்.

அப்படியென்றால் ஸ்மார்ட் எண்களைப் பார்த்து, எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதில் சங்கடமானது. 2007-இல் கூகுள் நிறுவனத்தின் பின்ஹீரோ, வெபர், பரோசோ மூவரும் தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். எச்சரிக்கை வந்தால் அதை நம்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். செத்துப்போன டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றையும் காட்டாமலே செத்திருந்தன. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கத் தரவுச் சேமிப்பு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதலானது. ஐந்து எண்களை வைத்துப் பார்த்ததில், செத்த டிஸ்குகளில் 76.7 சதவீதம் முன்னறிவிப்புக் கொடுத்திருந்தன. மிச்சம் 23.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று, எதுவும் சொல்லாமல் போயின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்குகளிலும் 4.2 சதவீதத்தில் இதே எச்சரிக்கைகள் இருந்தன. இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களும் வேறு வேறு, சொல்வது ஒன்றே. ஸ்மார்ட்டால் ஒரு டிஸ்க்கைக் குற்றவாளி என்று சொல்ல முடியும். நிரபராதி என்று விடுவிக்க முடியாது. போதாக்குறைக்கு நாட்குறிப்பையே திருத்தவும் முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் பல, ஏற்கனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. இடையில் யாரோ ஸ்மார்ட் கணக்கை அழித்துப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். டிஸ்க்கின் இன்னோர் உள்பதிவில் அழியாமல் இருந்த மணிக்கணக்குதான் காட்டிக்கொடுத்தது. சான்றிதழ் கையில் இருந்தாலும் காப்பி வேண்டும் என்பதற்கு இதற்குமேல் என்ன வாதம் வேண்டும்?

அசெம்பிள்டு மெஷினில் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு: குற்றமே செய்யாத டிஸ்க் தண்டிக்கப்படுவது. டிஸ்க்குக்கு இரண்டு மின்னழுத்தம் தேவை: 12 வோல்ட் மோட்டாருக்கு, 5 வோல்ட் மின்சுற்றுக்கு. இரண்டிலும் ஐந்து சதவீதத்துக்குமேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது ஏ.டி.எக்ஸ். தரம், 12 வோல்ட் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 5 வோல்ட் 4.75-க்குக் கீழே. மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் பாதையிலிருந்து இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். ஓட்டம் பிடித்த பிறகு அதில் கால் பங்குகூட வேண்டாம். கேபினெட்டோடு வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தால் அந்த முதல் இழுப்பைத் தாங்காது. டிஸ்க் சுழலத் தொடங்கி, மூச்சு விட்டு, நின்று, மறுபடி தொடங்கும். 'டிக் டிக்' என்ற சத்தமும் வரும். கேட்பவர் டிஸ்க் போய்விட்டது என்பார். மல்டிமீட்டரை எடுத்து மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே ஒருமுறை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஒருமுறை, டிஸ்க் தொடங்கும் நேரத்திலேயே பார்த்தால் உண்மை பெரும்பாலும் தெரிந்துவிடும். அல்லது நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். தரவு கேபிள் இன்னொரு பொய்ச்சாட்சி. தளர்ந்த சாட்டா கேபிளால் வரும் பிழைகள் 199-ஆம் எண்ணில் ஏறும். அந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது. எனவே கேபிளை மாற்றிய பிறகு எண் எவ்வளவு என்று பார்ப்பதில் பயனில்லை, மேலும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் நூறு ரூபாய்க் கேபிளோடு வழக்கு முடிந்தது. ராம் கெட்டிருந்தாலும் கோப்புகள் சிதையும், நீலத்திரை வரும்; அதையும் டிஸ்க் கணக்கில்தான் எழுதுவார்கள். 197-உம் 5-உம் சுத்தமாக இருக்க கோப்புகள் மட்டும் கெடுகின்றன என்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓட்டிப் பார்ப்பது முறை.

இங்கே ஊரின் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்த தமிழ்நாடு நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டில் கிடந்தது நினைவிருக்கும். அந்த அளவு இப்போது இல்லை. ஆனாலும் கோடையில் லோ வோல்டேஜும் மழைக்காலத்தில் திடீர் நிறுத்தமும் வாழ்க்கையின் பகுதிதான். கரன்ட் சட்டென்று போனால் டிஸ்க் ஒரு நல்ல தந்திரம் செய்கிறது: சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரையே சின்ன ஜெனரேட்டராகப் பயன்படுத்தி, அந்த மின்சாரத்தில் தலையை அவசரமாகத் தட்டுக்கு வெளியே இழுத்துக்கொள்கிறது. அது முறையான இறக்கத்தைவிடக் கரடுமுரடானது. அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பும் பாதியில் நிற்கும். 192-ஆம் எண் இந்த அவசர இழுப்புகளின் கணக்கு, 12-ஆம் எண் மொத்தம் எத்தனை முறை மின்சாரம் ஏறியது என்பதன் கணக்கு. சில நிறுவனங்கள் 192-ஐ வேறு மாதிரி எண்ணுவதால் கறாராகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றால், அந்த வீட்டில் யு.பி.எஸ். இல்லை அல்லது அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்று ஊகிக்க இடமுண்டு. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? அது எர்த் இல்லை என்பதன் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிவை எர்த்துக்கு அனுப்ப வேண்டும்; வழியில்லாததால் அது இரும்புக் கூட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை இது. புது டிஸ்க் வாங்கி அதே பிளக்கில் மாட்டினால் பழைய கதை தொடரும்.

இவ்வளவு சோதனைகளைச் சொல்லிவிட்டுக் காப்பிதான் முதலில் என்றால் முரணாகத் தோன்றும். வோல்டேஜ் பார்ப்பது, கேபிள் மாற்றுவது, ஸ்மார்ட் எண்களை வாசிப்பது ஆகியவை டிஸ்க்கை வருத்தாதவை. காப்பிக்கு முன் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். நான் எதிர்ப்பது முழுப் பரப்புச் சோதனையை. 'எக்ஸ்டெண்டட்' சோதனை, பேட் செக்டர் தேடும் ஸ்கேன் எல்லாம் டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கின்றன. ஒரு டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படிக்கவே ஏறத்தாழ மூன்று மணி நேரம். பழுதான கட்டங்கள் நிறைய இருந்தால் நாள்கணக்கில் நீளும். "காப்பி எடுப்பதும் அதே அளவு படிப்புதானே, டிஸ்க்குக்கு அதுவும் பாரம்தானே?" என்று கேட்டால், ஆமாம், பாரம்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தின் முடிவில் ஒன்றில் உங்கள் கையில் கோப்புகள் இருக்கும், மற்றொன்றில் ஒரு தீர்ப்பு மட்டும் இருக்கும். டிஸ்க்குக்கு இன்னும் ஒரே ஒரு முழு வாசிப்புக்குத்தான் தெம்பு மிச்சம் என்றால் அதை எதற்குச் செலவழிப்பது? இது மட்டுமல்ல, காப்பியே ஒரு சோதனையும்கூட. எங்கே நின்றது, எந்தக் கோப்பு வரவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

காப்பி எடுப்பதிலும் முறை உண்டு. சந்தேகத்துக்குரிய டிஸ்க்கிலிருந்தே விண்டோஸை ஏற்றக் கூடாது. விண்டோஸ் சும்மா இருக்கும்போதும் அப்டேட், ஆன்டிவைரஸ், தற்காலிகக் கோப்பு என்று அதில் எழுதிக்கொண்டே இருக்கும். பென்டிரைவில் உபுண்டுவைப் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே மெஷினை ஏற்றலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டலாம், அங்கே "ஸ்கேன் செய்து சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். முதலில் திரும்பச் செய்யவே முடியாதவை: குழந்தைகளின் படங்கள், பத்திர வரைவுகள், கணக்கு, பேஜ்மேக்கர் கோப்புகள், அவற்றோடு அந்தப் பழைய எழுத்துருக்களும். எழுத்துருவை விட்டுவிட்டால் மீட்ட கோப்பு கட்டங்களும் கோடுகளுமாகத் திறக்கும். சினிமாவும் பாட்டும் கடைசி. சாதாரணக் காப்பி ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டு நகராவிட்டால், அதோடு மணிக்கணக்கில் போராடாமல் லினக்ஸில் உள்ள ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூவுக்குப் போவது நல்லது. அது எளிதில் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமானவற்றை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊருக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மூன்று முறை சரிபார்க்க வேண்டும்: எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த டிஸ்க்குக்கு. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கின் வெறுமை உங்கள் தரவின்மேல் எழுதப்படும்.

விண்டோஸின் 'செக்டிஸ்க்' பற்றி ஒரு வார்த்தை. அது கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, ஒழுங்குபடுத்துவதற்காக எழுதப்பட்டது. டிஸ்க்கைக் குணப்படுத்த அல்ல. பட்டியலின் ஒரு பகுதி படிக்க முடியாத கட்டத்தில் இருந்தால், அதில் சொல்லப்பட்ட கோப்புகளை அநாதை என்று முடிவுசெய்து துண்டுகளாக வெட்டி வேறு ஃபோல்டரில் போட்டுவிடும். நல்ல டிஸ்க்கில் அது நல்ல கருவிதான். காப்பி எடுக்காமல் செக்டிஸ்க்குக்கும் ஃபார்மட்டுக்கும் போகும் கடைக்காரர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஃபார்மட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, வாடிக்கையாளர் மாலைக்குள் மெஷின் வேண்டும் என்கிறார், இரவு முழுக்க டிடிரெஸ்க்யூ ஓட்டிக் காத்திருப்பதற்கு இங்கே யாரும் காசு கொடுப்பதில்லை. "டேட்டா முக்கியம், டைம் ஆனாலும் பரவாயில்லை, அதுக்குத் தனியா கொடுக்கிறேன்" என்று கேபினெட்டை மேசையில் வைக்கும்போதே சொல்வது வாடிக்கையாளரின் வேலை. சொல்லாவிட்டால் 'சி' டிரைவில் டெஸ்க்டாப்பில் கிடந்ததெல்லாம் போய்விடும். 'டி' டிரைவ் தப்பினால் அது பார்ட்டிஷன் பிரித்துக் கொடுத்தவர் செய்த புண்ணியம்.

காப்பிகூட எடுக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய பிறகும் டிஸ்க் சீராகக் கிளிக் செய்கிறது, உரசும் சத்தம் வருகிறது, கீழே விழுந்திருக்கிறது என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தலை தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுழற்சியும் தரவைச் சுரண்டுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய யோசனை, உள்ளே ஈரம் படியவைத்துத் தட்டைக் கெடுக்கும். அதே மாடல் டிஸ்க்கின் பச்சைப் பலகையைக் கழற்றி மாட்டுவதும் இப்போது பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியான அளவீடுகள் அந்தப் பலகையின் சிப்பில் எழுதப்பட்டிருப்பதால், சிப்பையும் மாற்றத் தெரிந்தவர் கையில்தான் அது உதவும். நனைந்த டிஸ்க்கைப் பற்றி இந்த வட்டாரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கேபினெட்டை நாம் தரையில்தான் வைக்கிறோம். ஹீலியம் அடைத்த உயர்ரக டிஸ்குகள் தவிர மற்றவற்றில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த ஒரு சிறு துளை உண்டு. மூழ்கினால் அதன் வழியே சேற்றுநீர் உள்ளே போகும். வெயிலில் காயவைத்து, ஹேர் டிரையர் காட்டி, பிறகு சுவிட்ச் போட்டுப் பார்ப்பது இயல்பான கைப்பழக்கம். தரவு வேண்டுமென்றால் அதைச் செய்யக் கூடாது. நீர் காய்ந்தால் அதிலிருந்த மண்ணும் உப்பும் தட்டில் இறுகிவிடும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்புவதே வழி. அதற்குப் பணம் அதிகம். எனவே தரவு அந்தப் பணத்துக்குப் பெறுமா என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டு அனுப்பலாம்.

"இப்போது எல்லாம் எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதே, இதெல்லாம் பழங்கதை" என்பது இன்னோர் ஆட்சேபம். விண்டோஸ் ஏற எஸ்.எஸ்.டி. போடுவது நல்ல முடிவுதான். வயதான மெஷினுக்கு அதைவிட நல்ல மாற்றம் கிடையாது. ஆனால் கல்யாண வீடியோ ஒன்றே நூற்றுக்கணக்கான ஜிகாபைட் எடுக்கும் ஸ்டுடியோவில், சிசிடிவி பதிவுப் பெட்டியில், சேர்த்துவைக்கும் இடமாக ஹார்டு டிஸ்க்தான் இன்றும் கட்டுப்படியாகிறது. எஸ்.எஸ்.டி.யும் சாகாத பொருள் அல்ல. சத்தம் போட்டு, தடுமாறி, அவகாசம் கொடுத்துச் சாவது ஹார்டு டிஸ்க்கின் குணம், எஸ்.எஸ்.டி. பல நேரம் ஒரு காலையில் பயாஸில் பெயரே காட்டாமல் போய்விடும். அந்த வகையில் காப்பியின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கிளவுடில் போடலாமே என்றால், ஆவணங்களுக்கும் படங்களுக்கும் தாராளமாகப் போடலாம். ஸ்டுடியோவின் மூல வீடியோவுக்கு ஏற்றும் நேரமும் மாதச் சந்தாவும் கணக்குக்கு வராது. இரண்டாவது டிஸ்க்குக்கு ஏது காசு என்று கேட்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டெராபைட் டிஸ்க்கில் உண்மையில் மாற்றே இல்லாதது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் பல வீடுகளில் அது 64 ஜிகாபைட் பென்டிரைவ் இரண்டில் அடங்கிவிடும். முழு டிஸ்க்கையும் காப்பாற்ற முடியாது என்பதற்காக எதையுமே காப்பாற்றாமல் இருக்க வேண்டியதில்லை.

காப்பி கைக்கு வந்து, வேறு மெஷினில் திறந்தும் பார்த்தாகிவிட்டதென்றால், அதன்பின் டிஸ்க்கை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எக்ஸ்டெண்டட் சோதனை, முழு ஃபார்மட், மறுபடி ஸ்மார்ட். முழு ஃபார்மட்டுக்குப் பின் 5-ஆம் எண் இரண்டு மூன்றில் நின்று பல வாரங்களுக்கு நகராவிட்டால், சினிமா போட்டுவைக்க அதை ஓட்டலாம். நகர்ந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். வாரன்டி மிச்சமிருந்தால் டிஸ்க்கின் மேலுள்ள சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் கொடுத்துப் பார்க்கலாம். பில் எங்கே என்று தேடுவதற்கு முன்பே தேதி தெரிந்துவிடும். திருப்பி அனுப்பினால் வருவது பெரும்பாலும் வேறொருவர் திருப்பி அனுப்பிச் சரிசெய்யப்பட்ட டிஸ்க்காக இருக்கும், லேபிளிலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் அனுப்பியது உங்கள் கோப்புகளோடு போய்விடும். அது இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் அனுப்பும் முன் ஒரு முழு ஃபார்மட் போடுங்கள்.